முதல் லயத்துச் சண்டைக்காரர்கள்

"களவெடுத்த சவர்க்காரத்தை மேசையில வச்சிருக்கிறன், நீர் இன்னும் சாட்சி கேக்கிறீர்..."

"சாட்சி கேக்கேல்லை அத்தான், அந்தச் சவர்க்காரத்தைக் கையில தாங்கோ எண்டுதான்..."

"தொடாதையும்! அது அரசாங்கச் சொத்து!"

"உடுப்புத் தோய்க்கிற சாமான் எப்ப அரசாங்கமானது?"

"சோடா களவு போன அண்டைக்கு!"

"ஐயா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா நான் யாரு பேச்சுக்குத் தலையாட்டுறது?" என்றாள் வாசற்படியில் நின்ற பஞ்சாலை.

மலாயாவில், எட்டாம் கட்டை ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ் அது. சவர்க்காரத்தைக் காட்டிச் சத்தம் போட்டவர் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி இராஜரத்தினம். வெள்ளைக்காரத் துரை ஓடிய நாளில் கண்ணீர் விட்டவர். ஜப்பான்காரன் வந்த நாளில் இடுப்பு வரை குனிந்தவர். இரண்டுக்கும் இடையில் அவர் எடுத்துக்கொண்ட லீவு ஒரே ஒரு நாள். எதிரே நின்றவள் அவர் மனைவியின் தங்கை சரோஜினிதேவி. சிரம்பான் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் கற்பித்தவள். பள்ளிக்கூடம் ஜப்பான் பட்டாளத்தின் கைக்குப் போனதும் அக்கா வீட்டுக்கு வந்து, ஒன்றரை வருஷமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஜப்பான் எழுத்து சொல்லிக்கொடுத்து வந்தாள். அந்த ஒன்றரை வருஷத்தில் ரந்தாவ் வட்டாரத்தில் காணாமற்போன மூன்று பொருள்களையும் ஒரு புருஷனையும் கண்டுபிடித்திருந்தாள். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் பஞ்சாலைதான் எல்லாவற்றிலும் கூட்டாளி.

"சுருக்கமாச் சொல்லுறன், கேளும்" என்றார் இராஜரத்தினம். "ஃபேக்டரி பாய்லர் கழுவுற காஸ்டிக் சோடா ஒரு டின். இண்டைக்குக் காலமை பாத்தால் டின் வெறுமை. லயத்தில சவர்க்காரம் காய்ச்சிறவன் ஆர்? அர்ச்சுனன். அவன்ர அடுப்படியில இருந்து நானே போய் எடுத்த கட்டி இது."

"நீங்களேவா? தனியாவா?"

"பெரிய கிராணிக்குத் துணை என்னத்துக்கு?"

"அர்ச்சுனன் காய்ச்சிறது சாம்பல் சவர்க்காரம் அத்தான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்! சாம்பல் சவர்க்காரம் களிபோலத்தான் வரும், இறுகாது எண்டு பள்ளிக்கூடத்தில படிப்பிச்சது நீர்தானே? இஞ்ச பாரும்." கட்டியை மேசையில் தட்டினார். கல்லைப் போலச் சத்தம் வந்தது. "சோடா போட்டால்தான் இப்பிடி வரும். உம்மட பாடமே சாட்சி."

தன் பாடத்தை இந்த வீட்டில் யாரோ ஒருவர் கவனித்துக் கேட்டிருக்கிறார் என்பதே சரோஜினிதேவிக்கு அதிர்ச்சி.

"ஜப்பான் துரை ஹயாஷி மாஸ்டர் தீர்ப்புச் சொல்லியாச்சு. இண்டைக்குச் சயாமுக்குப் போற லொறியில பதினைஞ்சு பேர். அர்ச்சுனன் பதினாறாவது. நாலு மணிக்கு லொறி வெளிக்கிடுது, கெமாஸில இருந்து ரயில். விஷயம் முடிஞ்சுது."

ஜப்பான்காரன் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில்பாதை வேலைக்குப் போன லாரிகள் திரும்பி வந்ததுண்டு. ஆட்கள் வந்ததில்லை.

பஞ்சாலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தோக்கியோ நேரப்படி மணி ஒன்றரை. நிழலோ நடுப்பகல் என்றது. ஆள்களை ஏற்றி அனுப்புவதற்கு மட்டும் ஜப்பான்காரன் கடிகாரம் சீக்கிரம் ஓடும். அர்ச்சுனன் பஞ்சாலையின் சொந்தத் தம்பி. அவள் ஏன் அழவில்லை என்று இராஜரத்தினத்துக்கே சந்தேகம் வந்தது, கேட்டும்விட்டார்.

"அழுதா லாரி நிக்கும்னா சொல்லுங்க ஐயா, இப்பவே ஆரம்பிக்கிறேன்."

அவர் பஞ்சாலையை முறைத்த நேரத்தில் சரோஜினிதேவி கொண்டையூசியால் கட்டியின் மூலையைக் கிள்ளிக்கொண்டாள். உடைந்த இடத்தைப் பார்த்தாள். வெள்ளைக்குள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஏதோ ஓடியிருந்தது.

"வா பஞ்சாலை" என்றாள். "இரண்டரை மணித்தியாலம் இருக்கு."

*

தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நின்ற லயங்களில் மூன்றாவதில் அர்ச்சுனன் வீடு. அடுப்படியில் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று, சாம்பல் ஊறவைத்த மண்பானை ஒன்று, தேங்காய்ச் சிரட்டைகளில் மஞ்சள் களி.

"இதான் டீச்சரம்மா அவன் சவுக்காரம். விரல்ல தொட்டா விரலோட வரும். விட்டா வீட்டுக்கும் வரும்."

சரோஜினிதேவி தகரத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். இரும்பு துருப்பிடித்திருந்தது, அரித்திருக்கவில்லை.

"ஒரு சிக்கல் இருக்கு. சாம்பல் சவர்க்காரத்தில உப்பை அள்ளிப் போட்டால் அதுவும் இறுகும்."

"உப்பா? லயத்துல உப்பு இருக்கிற லட்சணத்துக்கா? சி ரூசா கடற்கரை வரைக்கும் நடந்து, கடல்தண்ணியத் தூக்கியாந்து காய்ச்சி, அதையும் கஞ்சிக்குக் காணாம நக்கிக்கிட்டிருக்கோம். அதைச் சவுக்காரத்துல கொட்டுறவன் திருடன் இல்ல, பைத்தியக்காரன். சரி, வெயிலா இருக்கு, தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம். தாகமில்லை."

பஞ்சாலை நீட்டிய சிரட்டையைத் தானே குடித்து முடித்தாள். "ஒன்றரை வருசமா பாக்கிறேன். ஊரெல்லாம் எடுக்கிற தாகம் எங்க லயத்துக்கு வந்தா மட்டும் உங்களுக்கு நின்னுபோவுது."

சரோஜினிதேவி எதிரேயிருந்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். சுவரில் ஜப்பான் எழுத்து அட்டை தொங்கியது. அதைத் திருப்பினாள். பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக ஆங்கில எழுத்துகள். சிரம்பானிலிருந்து அவள் தப்பிக் கொண்டுவந்த ஒரே சொத்து, மூலகங்களின், அதாவது தனிமங்களின், அட்டவணை. சோதனைக்கு வருகிறவர்கள் முன்பக்கத்துக்கு வணக்கம் போட்டுவிட்டுப் போவார்கள்.

"உலகத்தில இருக்கிற சாமான் எல்லாம் இந்தக் கட்டங்களுக்குள்ள இருக்கிற மூலகங்களால ஆனது. ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு. மேலயிருந்து கீழ போற வரிசை ஒரு லயம். ஒரு லயத்தில இருக்கிற எல்லாருக்கும் ஒரே குணம்."

"அப்ப இதைப் போட்டவரு தோட்டத்துல இருந்திருக்காரு. சரி, இந்த முதல் லயம்?"

"சண்டைக்காரர். லித்தியம், சோடியம், பொட்டாசியம். ஒருத்தரும் தனிய நிக்கமாட்டினம். தண்ணியைக் கண்டால் கொதிப்பு. கீழ்வீட்டுக்குப் போகப்போகக் கோபம் கூட."

"அப்ப நம்ம சண்டைக்காரி மாரியம்மா இருக்கிற லயம்தான்."

"அர்ச்சுனன்ர சாம்பலில இருக்கிறது இந்தப் பொட்டாசியம். களவு போன சோடாவில இருக்கிறது அதுக்கு மேல்வீட்டுச் சோடியம். அண்ணன் தம்பி. இவன் களிச் சவர்க்காரம் தருவான், அவன் கட்டிச் சவர்க்காரம் தருவான்."

"அந்தக் கடைசிக்கு முந்தின லயம்?"

"குளோரின், புரோமின், அயோடின். பிடுங்கிறவை. ஆரிட்ட என்ன இருந்தாலும் பறிக்கப் பாப்பினம். சண்டைக்காரச் சோடியமும் பிடுங்கிற குளோரினும் ஒண்டு சேர்ந்தால் ரெண்டுபேரும் அடங்கிச் சாப்பாட்டு உப்பாகியிடுவினம்."

"பாத்தீங்களா, இது தெரியாம நம்ம ஆளுங்க ஜாதகம் பாத்துக் கட்டி வெக்கிறாங்க. அந்தக் கடைசி ஓரம்?"

"ஹீலியம், நியோன், ஆர்கன். ஆரோடையும் சேராதவை. குடுக்கிறதும் இல்லை, வாங்கிறதும் இல்லை. பெருமையா ஒதுங்கி நிப்பினம்."

"அட! கிராணி குவார்ட்டர்ஸ் கூட இருக்குதே!"

சரோஜினிதேவி தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் வரிசையில் விரலை வைத்தாள். "எனக்கு வேண்டியது இது. அலுமினியம். பாவம், நல்ல பிள்ளை. மேல மெல்லிசாய் ஒரு சட்டை போட்டிருக்கும். மழை, காத்து ஒண்டும் அதைத் தாண்டாது. ஆனால் சோடாவைப் போட்டுக் காய்ச்சினால் சட்டை கிழியும், பிறகு உடம்பையும் தின்னும். திண்ட மிச்சம் கறுப்பாய் சவர்க்காரத்துக்குள்ள ஓடும்." கொண்டையூசி முனையில் இருந்த துணுக்கைக் காட்டினாள். "இந்தக் கோடுபோல. இரும்புத் தகரத்தில காய்ச்சினால் இது வராது."

பஞ்சாலையின் முகத்தில் சிரிப்பு மெல்ல ஏறியது.

"டீச்சரம்மா, போன மாசம் யுத்தத்துக்கு உலோகம் வேணும்னு லயத்துல ஒவ்வொரு வீடா ஏறி, செம்பு, கரண்டி, அலுமினியச் சட்டி எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போனது யாரு?"

"அத்தான்."

"ஒரு தூக்குச்சட்டி விடல. எங்க ஆத்தா சட்டியைக் கையிலிருந்து புடுங்கினாரு. இப்ப இந்தத் தோட்டத்துல அலுமினியம் இருக்கிற வீடு எது?"

சரோஜினிதேவி அட்டையைத் திருப்பி மாட்டினாள். அந்த வீட்டில்தான் அவள் மூன்று வேளையும் சாப்பிட்டாள்.

*

அக்கா பராசக்தி அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன்ர கலியாணத்துக்கு நான் தந்த அலுமினியச் சட்டி எங்க?"

"ஏன், இப்ப திருப்பி வேணுமோ?"

"பாக்கத்தான்."

"அது... அடி தேய்ஞ்சுபோச்சு."

"கழுவித் தேய்ஞ்சதோ, காய்ச்சித் தேய்ஞ்சதோ?"

பராசக்தி கிழங்கை விட்டுவிட்டு விரலைச் சீவிக்கொண்டாள். அதற்குள் பின்வாசலில் இருந்து பஞ்சாலையின் குரல் கேட்டது.

"அம்மா, மிளகாய்ச் செடிக்கு என்ன வியாதி?"

பின்வாசல் ஓரத்தில் மூன்று மிளகாய்ச் செடிகள். பால் டின்னில் இருந்த இரண்டும் தளதளவென்று நின்றன. மூன்றாவது கருகிக் காய்ந்து கிடந்தது. அது நின்ற பாத்திரம் அலுமினியச் சட்டி. பராசக்தி ஓட்டைச் சட்டியைக்கூட எறிய மனம் வராத குடும்பத்தில் பிறந்தவள். அவள் தங்கைக்கு அது தெரியும், அதே குடும்பம்.

பஞ்சாலை செடியைப் பிடுங்கி மண்ணைக் கொட்டினாள். அடி முழுவதும் ஓட்டை. ஒன்றில் விரலை விட்டு ஆட்டினாள்.

"எங்க சட்டிகளை எல்லாம் பிடுங்கினதுக்கு எங்க ஆத்தா விட்ட சாபம், டீச்சரம்மா. நேரா வந்து இங்க விழுந்திருக்கு."

"லயத்துத் தகரம் ஒண்டு வாங்கியிருந்தால் சட்டி தப்பியிருக்கும் அக்கா" என்றாள் சரோஜினிதேவி.

"லயத்துத் தகரமோ? இவர் அதை வீட்டுக்குள்ள விடுவாரோ? தோட்டக்காட்டார் தொட்டதில காய்ச்சின சவர்க்காரத்தை எப்பிடி மாஸ்டருக்குக் குடுக்கிறது எண்டு..." பராசக்தி சட்டென்று வாயைப் பொத்தினாள்.

"மாஸ்டருக்கோ?"

"போன கிழமை நாலு கட்டி குடுத்தவர்" என்று அக்கா முணுமுணுத்தாள். "ரந்தாவ் ஆபீஸுக்கு மாத்தித் தருவார் எண்டு. மிச்சம் இருந்த ஒரு கட்டியை இண்டைக்குக் காலமை தானே எடுத்துக்கொண்டு போனவர்."

பஞ்சாலை கைதட்டினாள். "ஆக, ஹயாஷி மாஸ்டர் ஒரு வாரமா குளிச்சது அவரு ஸ்டோர்லயே திருடின சோடாவுல! அந்த வாசத்தோடதான் என் தம்பிக்குத் தீர்ப்பு சொல்லியிருக்காரு!"

சரோஜினிதேவி சிரிக்கவில்லை. சட்டியின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"சரோஜினிதேவி அன்பளிப்பு."

பஞ்சாலை அந்த எழுத்துகளை விரலால் தடவினாள். "சமைச்சது அவங்க. பேரு உங்களுதா?"

"எங்கட ஆக்கள் கலியாணத்துக்குச் சட்டி குடுக்கிறது சமைக்கிறதுக்கு இல்லை பஞ்சாலை. ஆர் குடுத்தது எண்டு ஆயுள் முழுக்க வாசிக்கிறதுக்கு."

*

ஸ்டோர் அறையில் இராஜரத்தினம் சட்டியைப் பார்த்தார். முதலில் முகம் வெளுத்தது. பிறகு எழுத்தை வாசித்தார். நிறம் திரும்பி வந்தது.

"கொண்டுபோம். மாஸ்டரிட்டக் காட்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. இதில ஆர் பேர் இருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லப்போற ஆள் நான்."

"சொல்லுங்கோ. அடுத்ததாய் அவர் கேப்பார், இந்தச் சட்டி எந்த வீட்டில இருந்தது எண்டு. ஊர்ச்சட்டி எல்லாம் குண்டு செய்யப் போகேக்க இது மட்டும் ஏன் ஒளிச்சிருந்தது எண்டு. அதையும் நீங்கள்தான் மொழிபெயர்க்க வேணும் அத்தான்."

இராஜரத்தினம் சோடா டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டருக்குக் கட்டியாகப் போன டின்னின் மேலேயே.

"எல்லாரையும் கொல்லப் போறீரோ? உம்மட அக்காவையும் சேர்த்து?"

"ஒருத்தரும் சாகத் தேவையில்லை. டின்னை விட்டு எழும்புங்கோ. அடியில ஏதும் ஒட்டியிருக்கோ பாப்பம்."

நாலைந்து வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. ஒன்றைக் குச்சியால் தள்ளி வாழை இலையில் வைத்தாள். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கால ஈரக் காற்று அது. கொஞ்ச நேரத்தில் துணுக்கு வியர்த்தது. பிறகு மினுமினுத்தது. பிறகு தன்னைச் சுற்றிச் சின்னதாய் ஒரு குளம் கட்டிக்கொண்டது.

"முதல் லயத்து ஆள்" என்றாள் சரோஜினிதேவி. "தண்ணியை விட்டு இருக்கேலாது. காத்தில இருக்கிற ஈரத்தையும் இழுத்துக் குடிச்சுத் தானே தண்ணியாய் ஓடும். நீங்கள் டின் மூடியைச் சரியா மூடேல்லை. சோடா கரைஞ்சு, அடி ஓட்டையால வழிஞ்சு போச்சு. களவே நடக்கேல்லை. அர்ச்சுனன்ர வீட்டில எடுத்தது யுத்தத்துக்கு முந்தி வாங்கின பழைய கட்டி, நீங்கள் அவசரப்பட்டிட்டியள். மாஸ்டரிட்ட இதைத்தான் சொல்லப் போறியள்."

"டின்னில ஓட்டை இல்லையே?"

பஞ்சாலை ஏற்கெனவே ஆணியும் கல்லும் எடுத்திருந்தாள். டக் டக்கென்று இரண்டு அடி.

"உங்க வீட்டுச் சட்டியில நூறு இருக்கு. அதுல ரெண்டை இதுக்குக் கடன் குடுத்ததா நெனைச்சுக்குங்க ஐயா."

அலமாரியின் அடியில் ஒரு சிரட்டை தண்ணீரையும் ஊற்றி, பலகை ஊறும்படி கையால் தடவிவிட்டாள்.

"எனக்கு அடி விழும்" என்றார் இராஜரத்தினம், குழந்தை மாதிரி.

"ரெண்டு" என்றாள் சரோஜினிதேவி. "கூடிப்போனால் மூண்டு."

"எல்லார் முன்னாலயும்?"

"அதுதான் நல்லது. தனிய அடிச்சால் மாஸ்டருக்குத் திருப்தி வராது."

*

இரண்டுதான் விழுந்தது.

லாரியின் முன்னால், அணிவகுத்து நின்ற தோட்டத்து ஜனங்களின் எதிரில், ஹயாஷி வாழை இலையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஈரப் பலகையைப் பார்த்தார். டின்னைத் தூக்கி ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு இலையைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, பெரிய கிராணியின் இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் ஒன்று. இராஜரத்தினம் ஒவ்வொன்றுக்கும் குனிந்து நன்றி சொன்னார்; பழக்கம். அறைந்த கையில் இருந்து சவர்க்கார வாசம் வந்திருக்க வேண்டும். அவருக்கு அது நன்றாகத் தெரிந்த வாசம்.

பதினாறாவது பெயரின் மேல் ஒரு கோடு விழுந்தது. அர்ச்சுனன் லாரியிலிருந்து இறங்கினான்.

"ஓடாதேடா" என்றாள் பஞ்சாலை பல்லைக் கடித்துக்கொண்டு. "ஓடினா திரும்ப ஏத்திருவான். கக்கூசுக்குப் போறவன் மாதிரி நட."

"எனக்கு நெசமாவே வருதுக்கா."

"அப்ப இன்னும் நல்லா நடிப்பே. போ."

லாரி கிளம்பியது. பதினைந்து பேரும் போனார்கள். அவர்களுக்காக எந்தச் சட்டியும் ஓட்டையாகவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதார்கள். சத்தமாய் அழுதாலும் குற்றம். லாரி மறையும்வரை பஞ்சாலையிடமிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை.

இராஜரத்தினம் சிவந்த கன்னங்களோடு அவர்களைக் கடந்து போனார். நிற்கவில்லை, திரும்பவும் இல்லை.

"இனி என்ர வீட்டுப் படி மிதிக்கப்படாது."

குவார்ட்டர்ஸை அடைந்தபோது வெளிப்படியில் சரோஜினிதேவியின் தகரப்பெட்டி இருந்தது. மேலே சீலை இரண்டு, மடித்தபடி. அதற்கு மேலே ஓட்டைச் சட்டி, பெயர் தெரியும் பக்கமாக. கதவு சாத்தியிருந்தது. உள்ளே அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கதவு திறக்கவில்லை.

சரோஜினிதேவி படியின் கீழேயே நின்றாள். சிரம்பானில் வீடு இல்லை. ரந்தாவில் ஆள் இல்லை. பொழுது சாய்ந்தால் ஊரெல்லாம் விளக்கணைப்பு.

பஞ்சாலை தகரப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். சட்டியைக் கக்கத்தில் இடுக்கினாள்.

"சட்டியை ஏன் எடுக்கிறாய்? எறி."

"எதுக்கு எறியணும்? எங்ககிட்டேயிருந்து எடுத்தது எத்தனை, திரும்பி வந்தது ஒண்ணாவது இருக்கட்டும்." மூன்றாம் லயத்துப் பக்கம் இரண்டு எட்டு நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்காததால் நின்றாள். பெட்டிப் பாரத்தில் தலையைத் திருப்ப முடியவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"பானையில தண்ணி இருக்கு. இன்னிக்காவது தாகம் எடுக்குதா, டீச்சரம்மா?"